பூட்லோடர் மெனுவில் விரல் எடுபடாது: மூன்று பட்டன்களை வைத்து ரெகவரி வரை போவது எப்படி

கேள்வி சுருக்கமாக இதுதான். கூகுளின் பழைய நெக்ஸஸ் 7 டேப்லெட், 2013 மாடல். அதில் நீங்களே வேறொரு சிஸ்டம் ஏற்றப் பார்த்தீர்கள், இப்போது லோகோவோடு நின்றுவிடுகிறது. ஏதேதோ பட்டன்களை அழுத்தியதில் வயிறு திறந்து படுத்திருக்கும் ஒரு பச்சை ரோபோ வந்தது, மேலே "ஸ்டார்ட்" என்று ஒரு அம்பு. அதை விரலால் எத்தனை முறை தட்டியும் அசையவில்லை. எப்படியோ ரெகவரிக்குள் (சிஸ்டம் கெட்டால் சரிசெய்ய உதவும் தனிப் பகுதி) போனால் "நோ கமாண்ட்" என்று மட்டும் சொல்கிறது. போதாக்குறைக்கு, சில நாட்களாக நீங்கள் எதையும் அழுத்தாமலே டேப்லெட் நேராக அந்த அம்பு உள்ள பூட்லோடர் திரையில் வந்து நிற்கிறது.

முதலில் கையை எடுத்து மேசையில் வையுங்கள். இந்தத் திரை வருகிறதென்றால் டேப்லெட் சாகவில்லை. உண்மையில் செத்துப்போனது இந்த இடத்துக்குக்கூட வராது, கறுப்பாகவே கிடக்கும்.

நெட்டில் தேடினால் "பவரும் வால்யூம் டவுனும் சேர்த்து அழுத்து" என்று மந்திரம் மாதிரி சொல்லியிருப்பார்கள். சிலருக்குப் பலிக்கும், சிலருக்குப் பலிக்காது. காரணம் எளிது. பட்டன் என்னவோ மூன்றுதான், ஆனால் அதைக் கேட்டுக்கொண்டிருக்கும் ஆள் நேரத்துக்கு நேரம் மாறுகிறான். இந்த நிமிடம் யார் கேட்கிறான் என்று தெரிந்தால் எதை எப்போது அழுத்துவது, எப்போது விடுவது என்பது தானாகப் புரிந்துவிடும்.

தொடுதிரை ஏன் வேலை செய்யவில்லை என்பதிலிருந்து தொடங்கலாம். கண்ணாடிக்குப் பின்னால் தொடுகையைக் கணக்கிட என்று தனியாக ஒரு சிப் இருக்கிறது. அதற்கு மின்சாரம் கொடுத்து, எழுப்பி, அதன் பாஷையில் பேசி, விரல் எங்கே இருக்கிறது என்று கேட்டு வாங்க ஒரு டிரைவர் வேண்டும். அந்த டிரைவர் ஆண்ட்ராய்டின் மையப் பகுதியான லினக்ஸ் கெர்னலுக்குள் இருக்கிறது. டேப்லெட் கிளம்பியதும் முதலில் ஓடி ஆண்ட்ராய்டை ஏற்றிவிடும் சின்ன நிரல்தான் பூட்லோடர்; அது ஓடும்போது கெர்னலே இன்னும் ஏற்றப்படவில்லை. பூட்லோடர் எழுதியவர்கள் தாங்களே ஒரு டிரைவர் எழுதிச் சேர்த்திருக்கலாம்தான், ஆனால் பூட்லோடர் எவ்வளவு சின்னதாக இருக்கிறதோ அவ்வளவுக்கு அதில் பிழை குறைவு. இங்கே ஒரு பிழை வந்தால் டேப்லெட் மொத்தமாகப் போய்விடும் என்பதால் வம்பை விலைக்கு வாங்க யாரும் விரும்புவதில்லை. பட்டன் விஷயம் அப்படி இல்லை. அது ஒரு கம்பி. அழுத்தாதபோது அதில் மின்னழுத்தம் இருக்கும். அழுத்தினால் தரையோடு சேர்ந்து பூஜ்யமாகிவிடும். ஒன்றா பூஜ்யமா என்று பார்க்க நாலு வரி நிரல் போதும்.

இப்போது அந்த ஆட்கள்.

முதல் ஆள் நிரலே கிடையாது. மின்சாரத்தைப் பங்கிட்டுக் கொடுக்கும் பவர் சிப். பவர் பட்டன் அதோடு நேரடியாக இணைந்திருக்கிறது. அதனால்தான் டேப்லெட் எவ்வளவு உறைந்துபோயிருந்தாலும் பவரை நீண்ட நேரம் அழுத்திப் பிடித்தால் அணைந்து மறுபடி கிளம்புகிறது. ஆண்ட்ராய்டு பதில் சொல்லும் நிலையில் இருக்க வேண்டும் என்ற அவசியமே இல்லை. உங்கள் மாடலுக்குப் பத்துப் பதினைந்து விநாடி பிடித்துப் பாருங்கள். முப்பது வரை எண்ணினாலும் தப்பில்லை. குவால்காம் சிப் உள்ள பல சாதனங்களில் வால்யூம் டவுனும் இதே பவர் சிப்பின் இன்னொரு காலில் போய்ச் சேர்கிறது. இரண்டையும் சேர்த்து விடாமல் பிடித்தால் அதுவும் கட்டாய ரீசெட். இது தெரியாமல்தான் பலர் ஏமாறுகிறார்கள். பூட்லோடருக்குப் போக வேண்டும் என்று இரண்டு பட்டனையும் பிடித்துக்கொண்டே இருப்பார்கள், அது திரும்பத் திரும்ப ரீஸ்டார்ட் ஆகிக்கொண்டே இருக்கும். "போக மாட்டேன் என்கிறது" என்பார்கள். அது போய்க்கொண்டுதான் இருக்கிறது, இவர்கள்தான் விடவில்லை.

இரண்டாவது ஆள் பூட்லோடர். அவன் கேட்பது ஒரே ஒரு முறை, கிளம்பிய கணத்தில். உங்களுடையதில் இருப்பது ஸ்னாப்டிராகன் எஸ்4 ப்ரோ. குவால்காம் தன் சிப்புகளுக்கு அந்தக் காலத்தில் கொடுத்த பூட்லோடர் 'லிட்டில் கெர்னல்' என்ற சின்ன நிரலின் மேல் கட்டியது. அதன் மூலநிரல் பொதுவில் கிடைக்கிறது. படித்துப் பார்த்தால் சிரிப்பு வரும், அவ்வளவு நேரடியானது. வால்யூம் அப்பும் டவுனும் சேர்ந்து அழுந்தியிருக்கிறதா? அப்படியானால் அவசர டவுன்லோட் நிலை. வால்யூம் அப் மட்டுமா? ரெகவரி. டவுன் மட்டுமா? ஃபாஸ்ட்பூட், அதாவது கணினியின் கட்டளைக்குக் காத்திருக்கும் நிலை. எதுவும் இல்லையா? வழக்கம்போல ஆண்ட்ராய்டு. மந்திரம் என்று நாம் மனப்பாடம் செய்ததெல்லாம் இந்த நாலு கேள்விதான். ஒவ்வொரு கம்பெனியும் இதைத் தன் விருப்பத்துக்கு மாற்றிக்கொள்கிறது, அதனால்தான் சாதனத்துக்குச் சாதனம் பட்டன் வேறு. நெக்ஸஸ் 7-ன் 2012, 2013 இரண்டிலும் முதலில் வால்யூம் டவுன், அதைப் பிடித்தபடி பவர். நெக்ஸஸ் 10 என்றால் வால்யூம் இரண்டு பக்கமும், கூடவே பவர்.

இந்த வரிசை முக்கியம். வால்யூமை முதலில் அழுத்திவிட்டு அப்புறம் பவர். பவரை முதலில் அழுத்தினால், நீங்கள் வால்யூமுக்கு விரலைக் கொண்டுபோவதற்குள் பூட்லோடர் கேட்டு முடித்துவிட்டு ஆண்ட்ராய்டை ஏற்றப் போயிருக்கும். லோகோ வந்த பிறகு அழுத்திப் பயனில்லை. டேப்லெட் முழுதாக அணைந்திருக்க வேண்டும் என்பதும் இதனால்தான். திரை அணைந்திருப்பது வேறு, டேப்லெட் அணைந்திருப்பது வேறு. சந்தேகமாக இருந்தால் பவரை நீளப் பிடித்து ரீசெட் ஆகவிட்டு, திரை கறுத்த உடனே வால்யூம் டவுனைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

ரோபோ வந்ததும் எல்லாப் பட்டனையும் விட்டுவிடுங்கள். ஒரு மூச்சு விடுங்கள். ஏன் சொல்கிறேன் என்றால், மூன்றாவது ஆள் வந்துவிட்டான். இப்போது பூட்லோடர் மெனுவாக மாறி, அதே பட்டன்களுக்கு வேறு அர்த்தம் கொடுக்கிறது. வால்யூம் என்றால் நகர், பவர் என்றால் சரி. பவரில் விரலை வைத்துக்கொண்டே இருந்தால் உங்களை அறியாமல் "ஸ்டார்ட்" போட்டுவிட்டு, மறுபடி லோகோவில் போய் மாட்டிக்கொள்வீர்கள்.

நெக்ஸஸ் மெனுவில் இன்னொரு குழப்பம் உண்டு. மெனு என்றால் வரிசையாக நாலு வரி இருக்கும், ஒன்று நிறம் மாறி நிற்கும் என்று எதிர்பார்ப்போம். இங்கே ஒரு நேரத்தில் ஒன்றுதான் தெரியும், மேலே இருக்கும் அந்தப் பெரிய அம்புக்குள். வால்யூமை ஒரு முறை தட்டினால் "ஸ்டார்ட்" போய் "ரீஸ்டார்ட் பூட்லோடர்" வரும், இன்னொரு தட்டில் "ரெகவரி மோட்", அதற்கப்புறம் "பவர் ஆஃப்", பிறகு சுற்றி மறுபடி ஸ்டார்ட். எதிர்த்திசையில் தட்டினால் எதிர்வரிசை. ஸ்டார்ட் பச்சையில் இருக்கும், ரெகவரி சிவப்பில். எண்ணிக்கொண்டு தட்டாதீர்கள், ஒவ்வொரு தட்டுக்கும் எழுத்து மாறுகிறதா என்று பார்த்துப் படித்துவிட்டு அடுத்த தட்டு. அந்த அம்பு ஏன் அங்கே இருக்கிறது என்று யோசித்தீர்களா? டேப்லெட்டை நிமிர்த்திப் பிடித்தால் வலது ஓரத்தில் மேலே பவர், அதற்குக் கீழே வால்யூம். அம்பு பவர் பட்டனைக் காட்டுகிறது. "இதை அழுத்தினால் இது நடக்கும்" என்று பட்டனுக்குப் பக்கத்திலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். நல்ல யோசனைதான், யாரும் கவனிக்காததால் வீணாகிவிட்டது. டேப்லெட்டைப் படுக்கை வாட்டத்திலோ தலைகீழாகவோ பிடித்திருந்தால் இந்தக் கணக்கெல்லாம் குழம்பும். பூட்லோடருக்கு நீங்கள் எப்படிப் பிடித்திருக்கிறீர்கள் என்று தெரியாது, அது திரையைத் திருப்பாது.

திரையின் கீழே இடது மூலையில் சின்ன எழுத்தில் சில வரிகள் இருக்கும். அதையும் படித்துவிடுங்கள். சாதனப் பெயர் "ஃப்ளோ" என்று இருந்தால் வைஃபை மட்டும் உள்ளது. "டெப்" என்றால் சிம் போடும் வகை. சிஸ்டம் ஏற்றும்போது இரண்டுக்கும் கோப்பு வேறு. தவறான கோப்பைப் போட்டதுதான் உங்கள் லோகோ சிக்கலுக்குக் காரணமாக இருக்கவும் கூடும். "லாக் ஸ்டேட்" என்ற வரி பூட்லோடர் பூட்டியிருக்கிறதா திறந்திருக்கிறதா என்று சொல்லும்.

மெனு தெரிந்துகொண்டிருக்கும்போதே அதற்கு இன்னொரு காதும் உண்டு: யூஎஸ்பி கேபிள். கணினியில் ஃபாஸ்ட்பூட் கருவி இருந்தால், இந்தத் திரையில் நிற்கும்போதே அங்கிருந்து கட்டளை அனுப்பலாம். ஒரு பட்டன் உடைந்துபோனவர்களுக்கு இதுதான் கதி. வால்யூம் டவுன் வேலை செய்யாமல் பூட்லோடருக்கே வர முடியவில்லை, ஆனால் ஆண்ட்ராய்டு ஓடுகிறது, யூஎஸ்பி டீபக்கிங்கும் (கணினியின் கட்டளையை ஏற்கும் அமைப்பு) போட்டிருக்கிறது என்றால் கணினியிலிருந்து ஏடிபி என்ற கருவி வழியாக "ரீபூட் பூட்லோடர்" என்று அனுப்பினால் ஒரு பட்டனையும் தொடாமல் இங்கே வந்துவிடலாம். பட்டனைத் தொடாமல் ரெகவரிக்குப் போகவும் ஒரு வழி இருக்கிறது: நினைவகத்தில் 'மிஸ்க்' என்று ஒரு குட்டிப் பகுதி உண்டு. "அடுத்த முறை ரெகவரிக்குப் போ" என்று சிஸ்டம் அதில் ஒரு சீட்டு எழுதி வைக்கும். ரெகவரி வேலையை முடித்ததும் அந்தச் சீட்டைக் கிழித்துவிடும். நடுவில் கரண்ட் போய் சீட்டு கிழிபடாமல் நின்றால் டேப்லெட் திரும்பத் திரும்ப ரெகவரிக்கே போகும். அதைப் பட்டன் கோளாறு என்று நினைத்துக் கடைக்குக் கொண்டுபோனவர்கள் உண்டு.

சரி, ரெகவரி மோட் வந்ததும் பவரை ஒரு முறை அழுத்தினீர்கள். லோகோ ஒரு கணம் வந்து போகும், அப்புறம் சிவப்பு ஆச்சரியக்குறியோடு ரோபோ, "நோ கமாண்ட்". இது பிழை அறிவிப்பு இல்லை. "என்னை எழுப்பினாய், ஆனால் செய்யச் சொல்லி வேலை ஒன்றும் எழுதி வைக்கவில்லையே" என்கிறது, அவ்வளவுதான். மேலே சொன்ன சீட்டு காலியாக இருக்கிறது என்று பொருள். மெனு அந்தப் படத்துக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறது.

அதை வெளியே கொண்டுவர: பவரை அழுத்திப் பிடித்துக்கொள்ளுங்கள், பிடித்தபடியே வால்யூம் அப்பை ஒரே ஒரு தட்டு தட்டி விடுங்கள், பிறகு பவரையும் விடுங்கள். இரண்டையும் ஒரே நேரத்தில் அழுத்தினால் பெரும்பாலும் பலிக்காது. இப்போது கேட்பவன் நான்காவது ஆள். ரெகவரி என்பது பூட்லோடர் இல்லை, அதற்கென்று தனியாக ஒரு லினக்ஸ் கெர்னலோடு ஓடும் ஒரு சின்ன சிஸ்டம். அதன் நிரல் பார்ப்பது இதைத்தான்: வால்யூம் அப் அழுந்தும் கணத்தில் பவர் ஏற்கெனவே பிடிபட்டிருக்கிறதா? ஆம் என்றால் மெனுவைக் காட்டு. வரிசை மாறினால் அந்தக் கேள்விக்கு இல்லை என்று பதில். பவரை மிக நீளமாகப் பிடித்தால் முதல் ஆள், அதாவது பவர் சிப், குறுக்கே வந்து ரீசெட் செய்துவிடுவான். எனவே இரண்டு மூன்று விநாடிக்குள் முடியுங்கள். இன்னொன்றும் அந்த நிரலில் உண்டு: பவரைத் தொடர்ச்சியாக ஏழு முறை தட்டினால் ரீபூட் ஆகும். கோபத்தில் பவரைப் பட்பட்டென்று தட்டுகிறவர்களுக்கு டேப்லெட் தானாக ரீபூட் ஆவதாகத் தோன்றுவது இதனால்தான்.

மூன்று பட்டன் இல்லாத சாதனங்களுக்கும் அதே ரெகவரி நிரலில் ஏற்பாடு செய்திருக்கிறார்கள். எந்தப் பட்டனைத் தட்டினாலும் நகரும், நீளப் பிடித்தால் தேர்வாகும். இது சும்மா ஏட்டுச் சுரைக்காய் இல்லை. 2011 நவம்பரில் வந்த அமேசானின் முதல் கிண்டில் ஃபயரில் வால்யூம் பட்டனே கிடையாது, பவர் மட்டும்தான். அதற்கு ஆர்வலர்கள் எழுதிய ஃபயர்ஃபயர்ஃபயர் என்ற பூட்லோடர், கிளம்பும்போது பவர் பட்டனின் விளக்கு நிறத்தை மாற்றிக் காட்டும். அப்போது பட்டனை அழுத்தினால் ரெகவரி, விட்டுவிட்டால் வழக்கமான பாதை. ஒரே பட்டன், ஒரே விளக்கு. எனக்குப் பிடித்த வடிவமைப்புகளில் அது ஒன்று. அதே ஆண்டு ஜூலையில் வந்து ஆகஸ்டிலேயே கைவிடப்பட்ட எச்பி டச்பேடுக்கு மோபூட் என்று ஒரு பூட்லோடர் வந்தது. அதில் டச்பேடின் சொந்த சிஸ்டமான வெப்ஓஎஸ், ஆண்ட்ராய்டு இரண்டையும் வைத்துக்கொண்டு கிளம்பும்போது தேர்ந்தெடுக்கலாம்; நகர வால்யூம், தேர்வுக்கு ஹோம் பட்டன். பவரைத்தான் தட்ட வேண்டும் என்று பழகிய கை அங்கே தடுமாறும்.

உங்கள் கதைக்கு வருவோம். ரெகவரி மெனு வந்ததும் முதலில் "வைப் கேஷ் பார்ட்டிஷன்" (தற்காலிகக் கோப்புகளைத் துடைப்பது) மட்டும் செய்து பாருங்கள். உங்கள் படங்கள், கோப்புகள் ஒன்றும் போகாது. பலிக்கும் என்று பெரிதாக நம்பிக்கை வைக்காதீர்கள், ஆனால் செலவில்லாத முயற்சி. அடுத்தது "வைப் டேட்டா / ஃபேக்டரி ரீசெட்". இது உள்ளே இருப்பதையெல்லாம் துடைத்துவிடும். அந்தக் காலத்து ரெகவரியில் இதைத் தேர்ந்தெடுத்தால் வரும் உறுதிகேட்கும் திரையைப் பார்த்துப் பலர் சிரித்திருக்கிறார்கள்: வரிசையாக நோ, நோ, நோ என்று ஏழு வரி, அப்புறம் நடுவில் ஒரே ஒரு "யெஸ்", அதற்குக் கீழே மறுபடி நோ. கிறுக்குத்தனமாகத் தெரியும். ஆனால் தேய்ந்துபோன பட்டன் ஒரு முறை அழுத்தினால் இரண்டு மூன்று முறை அழுத்தியதாகக் காட்டும். பட்டன் துள்ளி நேராக "யெஸ்" மேல் விழுந்து தேர்வாகிவிடக்கூடாது என்றால் அதை ஏழு படி தள்ளி வைப்பதைத் தவிர மூன்று பட்டனில் வேறு என்ன செய்ய முடியும்?

துடைத்தும் லோகோவிலேயே நின்றால் சிஸ்டம் கோப்புகளே கெட்டிருக்கிறது. மறுபடி பூட்லோடர் மெனுவுக்கு வந்து, கேபிளைச் செருகி, உங்கள் மாடலுக்கான ஃபேக்டரி இமேஜை (கம்பெனியின் அசல் சிஸ்டம் கோப்புத் தொகுப்பு) ஃபாஸ்ட்பூட் வழியாக ஏற்றுவதுதான் வழி. பூட்லோடர் பூட்டியிருந்தால் முதலில் திறக்க வேண்டும். கணினியிலிருந்து கட்டளை போனதும் டேப்லெட்டில் யெஸ், நோ என்று ஒரு திரை வரும். வால்யூமால் நகர்ந்து பவரால் ஒப்புக்கொள்ள வேண்டும். இந்த ஒரு படியைக் கணினியிலிருந்து செய்ய விடமாட்டார்கள். டேப்லெட்டைக் கையில் வைத்திருக்கும் ஆள்தான் சம்மதிக்கிறார் என்று உறுதிசெய்யத்தான் அது. திறக்கும்போதும் உள்ளே இருப்பது துடைபடும். இதையெல்லாம் தொடங்குமுன் பேட்டரியை நன்றாகச் சார்ஜ் போட்டுவிடுங்கள். ஏற்றுகிற நடுவில் அணைந்தால் தலைவலி இரட்டிப்பு.

கீபோர்டு மாட்டினால் பூட்லோடரில் நகர முடியுமா என்று சிலர் கேட்பார்கள். ஆண்ட்ராய்டு டேப்லெட்டில் பெரும்பாலும் முடியாது, அங்கே யூஎஸ்பி கீபோர்டுக்கும் டிரைவர் இல்லை. இன்டெல் சிப் உள்ள விண்டோஸ் டேப்லெட் என்றால் நிலைமை நேர்மாறு: லினக்ஸ் போட்டு க்ரப் என்ற அதன் பூட்லோடர் மெனு வந்தால் வால்யூம் பட்டனை அது பொதுவாகக் கண்டுகொள்ளாது, ஓடிஜி கேபிளில் ஒரு கீபோர்டு மாட்டுவதுதான் சுலபம். யூ-பூட் என்ற திறந்தமூல பூட்லோடரில் இதற்கு அழகான தீர்வு செய்திருக்கிறார்கள். பட்டன்களையே ஒரு கீபோர்டு மாதிரி காட்டும் டிரைவர். வால்யூம் மேல், கீழ் அம்புக்குறியாகிவிடும், பவர் என்டர் ஆகிவிடும். உங்களுடையதற்கு அண்ணனான 2012 நெக்ஸஸ் 7-க்கு யூ-பூட் இருக்கிறது; வால்யூம் டவுனைப் பிடித்தபடி கிளப்பினால் மெனு வரும்.

கடைசியாக, ஒன்றும் அழுத்தாமலே பூட்லோடர் திரை வருவது. இரண்டாவது ஆள் கேட்கும் அந்த ஒரு கணத்தில் வால்யூம் டவுன் கம்பி பூஜ்யத்தில் இருக்கிறது. நீங்கள் அழுத்தவில்லை என்றால் வேறு ஏதோ அழுத்துகிறது. மெனு திரை தானாக ஒவ்வொன்றாக மாறிக்கொண்டே போகிறதா என்று பாருங்கள். மாறினால் பட்டன் சிக்கியிருப்பது உறுதி. மாறாமல் நின்றாலும் சந்தேகத்தை விடாதீர்கள், சில பூட்லோடர்கள் அழுத்தி விட்டால்தான் ஒரு தட்டு என்று கணக்கிடும். ஆண்ட்ராய்டு ஓடுகிற நாளில் சத்தம் தானாகக் குறைந்துகொண்டே போனதா என்றும் நினைத்துப் பாருங்கள்.

எனக்கும் ஒரு பழைய டேப்லெட்டில் இதே கூத்து நடந்தது. இரண்டு நாள் ஃபாஸ்ட்பூட்டோடு மல்லுக்கட்டி, சிஸ்டத்தை மூன்று முறை ஏற்றி இறக்கினேன். ஏற்றி முடித்ததும் நன்றாகக் கிளம்பும், மறுநாள் காலையில் மறுபடி அதே திரை. மேசையில் வைத்து வேலை பார்க்கும்போதெல்லாம் கவரைக் கழற்றி வைத்திருந்தேன், வேலை முடிந்ததும் மாட்டினேன் என்பது மூன்றாம் நாள்தான் உறைத்தது. தெருவோரம் வாங்கிய ரப்பர் கவர், வெயிலில் சுருங்கி ஓரம் வால்யூமை அழுத்திக்கொண்டிருந்தது. பிளேடால் அந்த இடத்தில் ஒரு ஜன்னல் வெட்டினேன், அதோடு சரியாகிவிட்டது. எனவே சிஸ்டத்தில் கை வைக்குமுன் கவரைக் கழற்றிவிட்டு ஒரு முறை கிளப்பிப் பாருங்கள். கவர் இல்லாமலும் அப்படியே வந்தால், அணைத்துவிட்டு ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த மெல்லிய பிரஷ்ஷால் பட்டன் இடுக்கைத் துடைத்து, இருபது முப்பது முறை அழுத்தி விட்டு, காயவிட்டுப் பாருங்கள். அதற்கும் அசையவில்லை என்றால் பின் மூடியைத் திறந்து பட்டன் ஃப்ளெக்ஸை (பட்டன்களை இணைக்கும் மெல்லிய பட்டை) மாற்ற வேண்டியதுதான். மொபைல் ரிப்பேர் பார்ப்பவர்களிடம் கொடுத்தால் செய்துவிடுவார்கள்.